பயம் சீவின வீடு

ஐப்பசி மூடுபனி எங்கள் தகரக்கூரை மேல் ஈரப் போர்வை மாதிரி வந்து படுத்துக்கொண்ட ஒரு சாயங்காலம், விளக்குப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தரைக்கு அடியிலிருந்து யாரோ முழங்கையால் ஒரே ஒரு தடவை இடித்த மாதிரி தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. அமலி பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன், கதவு தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது, மறுபடியும் தொம் என்றது. எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் பூரிக்கட்டையும் வாயில் அருள்நிறை மரியே ஜெபமுமாக ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அங்கே, அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த முயல், தன் மரப்பெட்டிக்குள் இரண்டு காதையும் நட்டுக்கொண்டு, கதவு இருக்கிற திசையைப் பார்த்தபடி, பின்னங்காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அடித்தது. தொம்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

அது முயலுக்குச் சொன்னதா, அமலிக்குச் சொன்னதா, எனக்கே சொல்லிக்கொண்டதா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பெயர் கிடையாது. மலைப்பாதையில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டு வீடு, ஒரு மாதா கோயில், ஒரு கருப்பசாமி, பேச்சியக்கா டீக்கடை, அவ்வளவுதான்; பதினேழு என்று சொன்னால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். பன்னிரண்டாவது வளைவில் இருக்கிற கான்வென்ட்டில்தான் நான் ப்ளஸ் டூ வரை படித்தேன். அங்கே சிஸ்டர்கள் அங்கோரா முயல் வளர்த்தார்கள், அதன் முடியை நூற்றுப் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்பி பின்னினார்கள். அமலியின் ஞானஸ்நானத்துக்கு வர முடியாமல் போன சிஸ்டர் ஹெர்மினா, அதற்குப் பதிலாக ஒரு பெண் முயலைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தைச் சுற்றி வெள்ளை முடி முக்காடு போட்ட மாதிரி விழுந்திருக்க, ஒரு வார்த்தை பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முயல் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமைச் சிஸ்டரை அப்படியே உரித்து வைத்திருந்ததால், அதற்கு மதர் என்றே பெயர் வைத்துவிட்டேன். சிஸ்டர் ஹெர்மினா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"காதைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது ஜெசிந்தா. தண்ணி ஊத்திக் குளிப்பாட்டக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சீவணும். சோம்பேறித்தனம் பட்டேன்னா அது தன்னைத்தானே நக்கி நக்கி முடியை முழுங்கும், பூனை மாதிரி அதுக்குக் கக்கத் தெரியாது, வயித்துக்குள்ள கம்பளி உருண்டையாகிச் செத்துப்போகும். சீவுற முடியைத் தூரப் போடாதே, தலையணை உறையில சேர்த்து வை, மாசா மாசம் நான் வந்து எடுத்துக்கிறேன். அப்புறம், அது காலால தட்டினா திட்டாதே. எதையோ கேட்டிருக்கும்."

"சரி சிஸ்டர்," என்றேன். கான்வென்ட்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

அங்கோரா முயலைச் சீவுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சீவ வேண்டும். முதலில் முதுகில் வாயை வைத்து ஊத வேண்டும், ஊதினால் முடி நாலா பக்கமும் பிரிந்து ஒரு வெள்ளை ரோஜா விரியும், அதன் நடுவில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். அந்தத் தோல் பால் மேல் படிகிற ஆடை மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும். ஆகவே இரண்டு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, நுனியிலிருந்து அடிக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழும், அதைச் சீப்பால் இழுக்காமல் விரலால் பிரிக்க வேண்டும். வயிறு கடைசி. வயிற்றைக் காட்டிக் கொடுக்க மதருக்குப் பிடிக்காது, அப்போது அதன் நெஞ்சு அடிப்பது என் தொடையில் தெரியும், அமலி பிறந்த அன்று டாக்டரம்மா கருவியில் கேட்க வைத்தார்களே, அந்த வேகம்.

என் வீட்டுக்காரர் இன்னாசிக்கு மினி பஸ் ஓட்டுகிற வேலை, ராத்திரி எட்டரைக்குத்தான் வருவார். அதனால் இரண்டாம் நாள் சீவுவதற்குப் பேச்சியக்காவைக் கூப்பிட்டேன். கடைக்காரியென்றாலும் பதினேழில் எல்லார் வீட்டுக்கும் முதலில் வருகிற ஆள் அவள்தான். நான் பிடித்துக்கொண்டேன், அவள் சிஸ்டர் கொடுத்த வாலுள்ள எஃகுச் சீப்பால் சீவினாள், நான் மதரின் காதோரம் குனிந்து ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"யாருக்குத்தா சொல்ற?" என்றாள் பேச்சியக்கா. "எனக்கா, முயலுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்க்கா."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த இழுப்பில் சீப்போடு வந்த முடி சாம்பல் நிறத்தில் இருந்தது. வெள்ளை முயலிலிருந்து ஒரு பிடி சாம்பல் நிற முடி, ஈரத் துணி மாதிரி கனம், காற்று இல்லாத அறையில் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சியக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில இருக்க முடி போல," என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் இடி இடித்தது. இடி இடித்தால் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்கிற பேச்சியக்கா, நடு ரோட்டில் மழையில் நின்று, வானத்தைப் பார்த்து, "இன்னொண்ணு போடு பாப்போம்," என்றாள்.

பதினேழில் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார்கள். மறுநாள் விடிந்ததும் காட்டுக் காவலர் வீரணன் அண்ணன் வந்து நின்றார். கையில் முயலுக்கு ஒரு கட்டு மல்பெரி இலை. வாசல்படியிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தங்கச்சி, வெளியில சொல்லிராத, எனக்குக் காடுன்னா பயம்," என்றார். "பத்தொம்பது வருசமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் ரோந்து போறேன்."

அவரும் சீவினார். அவருடைய முடி பேச்சியக்காவுடையதைவிடக் கறுப்பாக வந்தது. அதன் பிறகு கேரட் தோட்டத்துக்காரர்கள், பூண்டு உரிக்கிற பெண்கள், தன் பெயரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டாலே வியர்த்துப் போகிற தையல்காரர், மேலே ஆயர் வருகிறார் என்றால் பிரசங்கம் மறந்துபோகிற எங்கள் பங்குச் சாமியார் உட்பட எல்லாரும் வந்தார்கள். செவ்வாய், வெள்ளியில் முடி கழிக்கலாமா கூடாதா என்று டீக்கடையில் மூன்று நாள் சண்டை நடந்தது. சீவினாலும் முடி கழிந்தது கழிந்ததுதான் என்று கருப்பசாமி பூசாரி சொல்ல, வெள்ளிக்கிழமை எங்களுக்கும் கவுச்சி தொடாத ஒறுத்தல் நாள் என்று பங்குச் சாமியார் சொல்ல, வெள்ளி மட்டும் விடுமுறை என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் இரண்டு கோயிலும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என் முயல்தான்.

எல்லாருக்கும் மதரை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது வேறு யார் மடியிலும் உட்காராது. நான் ஒண்ணுமில்ல என்று சொன்னால்தான் சாம்பல் நிறம் வரும். சொல்லாமல் சீவினால் வெறும் வெள்ளை. அதனால் காலையிலிருந்து மாலைவரை ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தடித்துப்போனது. எனக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை என்பது உண்மை. பதினேழுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை, இப்போது வந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

இன்னாசி கடைசியில் சீவினார். ஒன்பதாவது வளைவில் ஒரு பழைய விபத்தின் சிலுவை நட்டிருக்கிறது. அங்கே வரும்போதெல்லாம் அவர் சிலுவை போட்டுக்கொண்டு மூன்று தடவை ஹாரன் அடிப்பார், அந்த ஹாரன் சத்தம் மலையில் எதிரொலித்து எங்கள் வீடு வரை கேட்கும், அதைக் கேட்டால்தான் நான் உலை வைப்பேன். அவர் சீவியபோது வந்த முடி கைக்கு அடங்கவில்லை. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஹாரன் கேட்கவில்லை. எட்டரைக்கு அவர் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து, "என்ன ஜெசி, இன்னும் சோறு ஆகலயா?" என்றார்.

ஒருத்தர் முடியோடு இன்னொருத்தர் முடியைக் கலக்க எனக்கு மனசு வரவில்லை. ஆளுக்கொரு தலையணை உறை தைத்து, கான்வென்ட்டில் கற்றுக்கொண்ட சங்கிலித் தையலில் மூலையில் பெயர் எழுத்துப் போட்டு, உள்ளறையில் அடுக்கி வைத்தேன். அவை நடுங்கின. ராத்திரி அந்த அறையின் பலகைச் சுவர், தூரத்தில் லாரி போனால் அதிர்வதுபோல விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் வந்த சிஸ்டர் ஹெர்மினா வெள்ளை முடியை மட்டும் எடுத்துக்கொண்டார். சாம்பல் நிறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உடனே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது நம்ம மதரோடது இல்ல ஜெசிந்தா. இதைப் பச்சைப்பிள்ளைங்க தலையில மாட்ட முடியாது. யாரோடதோ அவங்ககிட்டயே குடுத்துரு."

கொடுக்கத்தான் பார்த்தேன். யார் வாங்குவார்கள்? "வச்சுக்கத்தா, எங்க வீட்டுல எங்க இருக்கு இடம்," என்றாள் பேச்சியக்கா. வீரணன் அண்ணன் அதைப் பார்த்து, "இது என்னது? என்னுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பயம் போன ஊரில் தாழ்ப்பாளுக்கு என்ன வேலை? கார்த்திகை பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அந்த இரும்பையெல்லாம் உருக்கி மாதா கோயில் மணிக்கு ஒரு கொக்கியும் கருப்பசாமிக்கு ஒரு சின்ன அரிவாளும் செய்தார்கள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளை இன்னாசிதான் கழற்றினார். ஆட்கள் வந்து வந்து போகும்போது அது கிளாங் கிளாங் என்று சத்தம் போட்டுப் பிள்ளையை எழுப்புகிறது என்றார். அதை உருக்கக் கொடுக்க மட்டும் நான் விடவில்லை, தையல் மெஷின் டிராயரில் போட்டு வைத்தேன். நாலு திருகாணியில் ஒன்று அப்போதே எங்கேயோ உருண்டு போய்விட்டது.

ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் போய் அடங்கிக்கொண்டிருந்த ஊர், மூடுபனியில் ரோட்டில் கட்டிலைப் போட்டுப் படுத்துப் பேசிக்கொண்டிருந்தது. காட்டுமாடு குறுக்கே வந்தால் தட்டிவிட்டு நடந்தார்கள். எதிர்ப்பக்கத்துத் தடுப்புச் சுவர் மேல் சிறுத்தை வந்து உட்கார ஆரம்பித்தது. முதல் நாள் பேச்சியக்கா அதற்கு ஒரு ரஸ்க் தூக்கிப் போட்டாள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. "டீயில தோய்ச்சுக் குடுத்திருக்கணும்," என்றாள். பதினேழில் பதினோரு நாய் இருந்தது, பிறகு நாலு இருந்தது, பிறகு கிழட்டு நாய் ஒன்று இருந்தது, பிறகு அதுவும் இல்லை. நாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "போன இடத்துல நல்லா இருக்கும்த்தா," என்றார்கள்.

ஒவ்வொரு நாளும் இருட்டினால் மதர் தட்டியது. தொம். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள், "உங்க முயல் என்ன உரல் இடிக்குதா?" என்று கேட்பார்கள். இப்போது அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழவே இல்லை. இன்னாசி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவர் தட்டு அதிரும், அவர் நிமிர மாட்டார். நானும் அமலியும்தான் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். தவழ ஆரம்பித்துவிட்ட அமலி, தட்டுகிற சத்தம் கேட்டால் நடு வழியில் அப்படியே நின்றுவிடுவாள், பிறகு தலைதெறிக்க என்னிடம் வருவாள். திறந்து கிடக்கிற கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் ராத்திரி முழுக்கக் குறுக்கே படுத்திருந்தேன். தூங்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அமலிக்கு ஒன்பதாம் மாத அம்மை ஊசி போட இன்னாசி பஸ்ஸிலேயே கீழே போனேன். ஹாரனே அடிக்காமல், பாட்டுப் போட்டுக்கொண்டு, அவர் ஒரு கையால் ஓட்டினார். ஒன்பதாவது வளைவில் எதிரே ஒரு கேரட் வேன், அதுவும் எங்கள் ஊர் வேன்தான், அதுவும் ஹாரன் அடிக்கவில்லை. இடித்த சத்தம் கேட்டது, கண்ணாடியில் கேரட்டாகக் கொட்டியது, பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எட்டிப் பார்த்தால் முன் சக்கரம் சிலுவையைத் தாண்டி, காற்றில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மேகம். பஸ்ஸுக்குள் இருந்த பதினேழுக்காரர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தார். "சாரல் நல்லா இருக்குல்ல?" என்றது பின் சீட்டில் ஒரு குரல். அமலி வீரிட்டாள், நான் வீரிட்டேன், எங்கள் இரண்டு பேரையும் எல்லாரும் இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸைக் கயிறு கட்டி இழுத்து ரோட்டில் ஏற்றிவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த இன்னாசி, என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஜெசி, நீயாவது பெரியவ, உனக்குப் பழகிப்போச்சு. பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு? பாரு, தூக்கத்துலகூட விக்குது. அதுக்கும் சீவிட்ருவோம்."

"அவ சின்னப்பிள்ளைங்க. இன்னும் நெருப்பு சுடும்னே அவளுக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன். தெரியறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா வலிக்காதுல்ல."

ஊர் முழுக்கச் சந்தோஷமாகிவிட்டது. பாப்பா சீவுகிற நாள் என்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள், காது குத்துக்குக் குறிக்கிற மாதிரி. ஞாயிறு சாயங்காலம் பேச்சியக்கா ஒரு சட்டி கேசரியோடு வந்தாள், வீரணன் அண்ணன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்தார், தையல்காரர் அமலிக்கு ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்தார், பங்குச் சாமியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது.

"முதல்ல நீ சீவுறியாத்தா?" என்றாள் பேச்சியக்கா என் கன்னத்தைத் தடவி. "எத்தனை பேருக்குப் பிடிச்சுக் குடுத்த, உனக்கு யாரு பிடிச்சாக? கண்ணைப் பாரு, குழி விழுந்து போச்சு. இன்னாசி முயலைப் பிடிக்கட்டும். நீ உனக்கே ஒண்ணுமில்லன்னு சொல்லிக்க. தூங்கலாம்த்தா, நல்லா தூங்கலாம்."

தூங்கலாம் என்ற அந்த வார்த்தை எனக்குள் பால் மாதிரி இறங்கியது. இன்னாசி மதரைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். அது காதைப் படுக்கப் போட்டுக்கொண்டு, ஆச்சரியமாக, அப்படியே உட்கார்ந்திருந்தது. சீவிச் சீவி முதுகில் அங்கங்கே இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. என் மடியில் அமலி, புதுக் கவுனில். அவளுடைய குட்டி விரல்களைச் சீப்பின் மேல் மடக்கி, அதன் மேல் என் விரல்களை வைத்து இரண்டு பேருக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று பேச்சியக்காவே யோசனை சொன்னாள். சீப்பு முடியைத் தொட்டது. அறை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுத்தா."

நான் வாயைத் திறந்தேன்.

தொம்.

இன்னாசியின் தொடையில்தான் அந்த அடி விழுந்தது, அவருக்குத் தெரியவில்லை. அமலிக்குத் தெரிந்தது. சீப்பை விட்டாள், கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள், அழவில்லை, என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துபோனாள், அவள் நெஞ்சு என் நெஞ்சில் மதருடைய நெஞ்சு மாதிரி அடித்தது. வாசலில், கால்மிதியின் மேல் ஒரு முன்னங்காலை வைத்துக்கொண்டு, சிறுத்தை நின்றது. அது வேறு யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருக்கிற மனிதர்களின் முகத்துக்கு அதன் கண் ஏறவே இல்லை. முயல், பிள்ளை, முயல், பிள்ளை என்று என் மடிக்கும் இன்னாசி மடிக்கும் போய்ப் போய் வந்தது.

"வாத்தா, பசிச்சிருச்சா?" என்றாள் பேச்சியக்கா.

"வழியை விடுங்கப்பா, உள்ள வரட்டும்," என்று வீரணன் அண்ணன் காலை மடக்கி இடம் கொடுத்தார். பங்குச் சாமியார் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"இருக்கு," என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாரக் கணக்கில் ஒரே வார்த்தையைச் சொல்லித் தடித்துப்போன நாக்கு வேறொரு வார்த்தைக்குத் திரும்பியபோது, கதவுக் கீல் மாதிரிக் கிறீச்சிட்டது. "இருக்கு! இருக்கு! இருக்கு!" என்று கத்திக்கொண்டே, பிள்ளையை ஒரு கையில் அமுக்கிக்கொண்டு, கேசரிச் சட்டியை எடுத்து வீசினேன். அது கால்மிதியில் விழுந்து உடைந்தது. முன்னங்கால் பின்னால் போனது. நான் ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினேன், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருந்தது.

"என்னங்க, கதவைப் பிடிங்க!"

"எதுக்கு?" என்றார் இன்னாசி, உண்மையாகவே புரியாமல்.

"நான் சொல்றேன்ல!"

அவர் எழுந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். பயத்தால் இல்லை, அவரிடம் அது இல்லை. நான் சொன்னேன் என்பதற்காக. கதவின் நீளத்துக்கு ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போனது, கீழ்ச் சந்தில் மூச்சு விட்டது, அந்த மூச்சில் தரைத் தூசி கொஞ்சம் பறந்தது. நான் தையல் மெஷினை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு எல்லாரும் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். கேசரியை வீணாக்கிவிட்டேன் என்று பேச்சியக்காவுக்கு, வந்த விருந்தாளியை விரட்டிவிட்டேன் என்று வீரணன் அண்ணனுக்கு. "இப்ப நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?" என்றார் தையல்காரர்.

"விடிஞ்சு போகலாம். மெஷினை நகர்த்த விடமாட்டேன்."

சண்டை போட அவர்களுக்கும் அலுப்பாக இருந்தது. பாயை விரித்தார்கள். குளிர் ஏறியது. "தலைக்கு வைக்க ஏதாச்சும் இருக்கா ஜெசி?" என்று பேச்சியக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். யாரோடதோ அவங்ககிட்டயே என்று சிஸ்டர் ஹெர்மினா சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளறைக்குப் போய், மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து, பே என்று போட்டதைப் பேச்சியக்காவுக்கும், வீ என்று போட்டதை வீரணன் அண்ணனுக்கும், இ என்று போட்டதை இன்னாசிக்குமாக எடுத்து வந்து, ஒவ்வொருவர் தலைக்கு அடியிலும் நானே வைத்தேன்.

இப்போது மணி இரண்டரை இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து பழைய பாட்டு நோட்டின் பின் பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் மதர், மதரின் மேல் சாய்ந்து அமலி. முன்னறையில் முதலில் பேச்சியக்கா தூக்கத்தில் முணுமுணுத்தாள், பிறகு காலை மடக்கிக் காதைப் பொத்திக்கொண்டாள். வீரணன் அண்ணன் குழந்தை மாதிரி விசும்பினார். பங்குச் சாமியார் எழுந்து உட்கார்ந்து, இருட்டைப் பார்த்து, நாய் எங்கே என்று கேட்டார். தலையணைகள் ஒவ்வொன்றாக நடுக்கம் விட்டுக்கொண்டே வந்தன. உள்ளறைச் சுவர் அதிர்வதை நிறுத்தியது. இத்தனை நாளில் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை, இவ்வளவு பேர் விழித்துக்கொண்டு இருந்ததும் இல்லை.

கடைசியாக இன்னாசி. வியர்த்துப்போய் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஜெசி," என்றார். "ஒன்பதாவது வளைவுல... நான் ஹாரன் அடிச்சேனா?"

"இல்லைங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு அமலியின் பாதத்தைத் தொட்டார், விரலை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக. பிறகு கதவைப் பார்த்தார். மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி, டிராயரைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்தார், மூன்று திருகாணி எடுத்தார், தரையில் கிடந்த எஃகுச் சீப்பை எடுத்து அதன் வாலைத் திருகாணியில் வைத்துத் திருக ஆரம்பித்தார். இரண்டு தடவை திருகாணி விழுந்தது, பேச்சியக்கா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே அதைத் தேடிக் கொடுத்தாள். மூன்றாவது திருகாணி இறுகும்போது சீப்பின் வால் வளைந்தது.

தொம், என்றது மதர்.

இன்னாசி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். முன்னறையில் இருந்த தலைகளெல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

"என்ன அது?"

பழக்கத்தில் என் நாக்கு அந்தப் பழைய வார்த்தைக்குத்தான் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"இருக்குங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், கதவைத் தோளால் ஒரு தடவை அழுத்திச் சரிபார்த்தார், தாழ்ப்பாளை உள்ளேயிருந்து தள்ளிப் போட்டார்.